வெயில் நாட்டுக்கு அனுப்பப்பட்டவள்

எங்கள் வகுப்பில் காலையில் முதல் வேலை கை பார்ப்பது. பெயர் கூப்பிட்டு, செபம் சொல்லி முடிந்ததும், டீச்சர் தன் கதிரையைக் கரும்பலகைக்கு முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு அமர்வார். நாங்கள் வரிசையாகப் போய் அவர் முன்னால் கையை நீட்ட வேண்டும். உள்ளங்கை, புறங்கை, நகம். மற்றப் பிள்ளைகளுக்கு அதோடு சரி. நான் மட்டும் திரும்பி நின்று, பின்னலைத் தூக்கிப் பிடித்து, பிடரியையும் காட்ட வேண்டும்.

"ம்" என்பார் டீச்சர். சில நாள் அவ்வளவுதான். சில நாள் வகுப்பைப் பார்த்து, "இது நிறமா, ஊத்தையா என்று கண்டுபிடிப்பது கஷ்டமாக இருக்கிறது" என்பார். பிள்ளைகள் சிரிப்பார்கள். அவர் சிரிக்க மாட்டார். உண்மையிலேயே கஷ்டப்படுகிறவர் போல நெற்றியைச் சுருக்கிக்கொண்டு அடுத்த பிள்ளையைக் கூப்பிடுவார்.

இரண்டாம் உலகப் போர் முடிந்து சில வருடங்கள்தான் ஆகியிருந்தன. அப்பா இலங்கை ரயில்வேயில் வேலை பார்த்தவர். மேற்படிப்புக்கென்று லீவு எடுத்து லண்டனுக்கு வந்தார். படிப்பு இழுபட்டது. ஒரு கந்தோரில் பாலங்களுக்கு வரைபடம் கீறும் வேலையில் சேர்ந்துகொண்டு, அம்மாவையும் என்னையும் கப்பலில் கூப்பிட்டார். தெற்கு லண்டனில் ஒரு வீட்டின் மேல்மாடியில் இரண்டு அறைகளில் இருந்தோம். எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் வீடு இல்லை. குண்டு விழுந்த வளவு இருந்தது. உடைந்த செங்கல், துருப்பிடித்த குளியல் தொட்டி, அவற்றுக்கு நடுவே ஆள் உயரத்துக்கு ஊதாப்பூச் செடிகள். அதற்குள் போகக் கூடாது என்று எல்லா வீட்டிலும் சொல்லிவைத்திருந்தார்கள். தெருப்பிள்ளைகள் எல்லோரும் அங்கேதான் விளையாடினார்கள். என்னைச் சேர்க்கவில்லை.

பள்ளிக்கூடம் சிவப்புச் செங்கல்லில் கட்டிய மூன்று மாடிக் கட்டடம். கரி படிந்து கறுத்திருந்தது. கழிப்பறை முற்றத்தின் மறுகோடியில் கூரை இல்லாமல் இருந்தது. பனிக்காலத்தில் குழாயே உறைந்துபோகும். முற்றத்தின் ஒரு பக்கத்தில் போர்க்காலத்தில் கட்டிய பதுங்கறை ஒன்றை இடிக்காமல் விட்டிருந்தார்கள். யன்னல் இல்லாத, தட்டைக் கூரை போட்ட கல்லறை மாதிரியான கட்டடம். பிள்ளைகள் இருக்கிற வாங்குகளில் உடைந்தவற்றை அதற்குள் அடுக்கியிருந்தார்கள்.

மற்ற வகுப்பு ஆசிரியர்கள் கத்துவார்கள், பிரம்பால் அடிப்பார்கள், கரும்பலகை துடைக்கும் கட்டையை எறிவார்கள். எங்கள் டீச்சர் ஒருநாளும் சத்தம் போட்டதில்லை. உயரமானவர். சாம்பல் நிறத்தில் மடிப்புக் கலையாத உடுப்பு. பக்கத்தில் போனால் நல்ல பூவாசனை வரும். அவருடைய எழுத்தைப் போல வடிவான எழுத்தை நான் அதற்குப் பிறகு கண்டதில்லை. பெற்றோர் எல்லோருக்கும் அவரைப் பிடிக்கும். தங்கள் பிள்ளை அவருடைய வகுப்பில் விழவேண்டும் என்று கேட்டுச் சேர்ப்பார்கள்.

எனக்குப் பக்கத்தில் ஒரு விடுதிப் பிள்ளை இருந்தாள். தாய் தகப்பன் இல்லாத பிள்ளைகளை வைத்திருக்கும் பெரிய வீடு ஒன்று சந்திக்கு அப்பால் இருந்தது. அந்தப் பிள்ளைகள் காலையில் ஒரே நிறக் கோட்டுப் போட்டுக்கொண்டு இரண்டிரண்டு பேராக நடந்து வருவார்கள். எல்லோருக்கும் தலைமயிரைக் காதுக்கு மேலே ஒட்ட வெட்டியிருக்கும். அவர்களிடமிருந்து பேன் தொற்றும் என்று மற்றப் பிள்ளைகள் கிட்டப் போக மாட்டார்கள். என்னிடமிருந்து என்ன தொற்றும் என்று யாரும் சொல்லவில்லை. ஆனாலும் கிட்ட வரவில்லை. அதனால்தான் எங்கள் இருவரையும் ஒரே வாங்கில் இருத்தினார்கள். அவளுக்குச் செம்பட்டை என்றால் அப்படியொரு செம்பட்டைத் தலை. முகம், கை, முழங்கால் எல்லாம் பழுப்புப் புள்ளிகள். என்னைவிட மெலிந்தவள். எப்போதும் பசியோடு இருந்தாள். என் பாண் துண்டின் ஓரத்தை நான் பிய்த்து வைத்தால், அதை டீச்சரின் கண்ணில் படாமல் எடுத்து விழுங்கிவிடுவாள். ஆனால் என்னோடு பேச மாட்டாள்.

ஒரு குளிர்காலக் காலையில் டீச்சர், தினமும் என் கழுத்தைப் பார்த்துத் தன் கண் களைத்துவிட்டது என்று சொன்னார். பிறகு அவளைக் கூப்பிட்டார்.

"நீதான் பக்கத்தில் இருக்கிறாய். இனிமேல் நீ பார்த்துச் சொல். சரியாகச் செய்தால் மிஞ்சுகிற பால் உனக்கு."

அந்தக் காலத்தில் பள்ளிக்கூடத்தில் எல்லாப் பிள்ளைகளுக்கும் சின்னப் போத்தலில் பால் கொடுப்பார்கள். யாராவது வராத நாளில் ஒரு போத்தல் மிஞ்சும். அதற்கு எப்போதும் அடிபிடி. அவள் என் பின்னலைத் தூக்கிப் பார்த்தாள். அவளுடைய விரல் சில்லிட்டிருந்தது. டீச்சரை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்துவிட்டு, "ஊத்தை, மிஸ்" என்றாள்.

சவர்க்காரக் கட்டியைக் கையில் தந்து என்னை முற்றத்துக் குழாயடிக்கு அனுப்பினார்கள். நான் கழுவிக்கொண்டு வந்தேன். சட்டைக் கழுத்து நனைந்து முதுகெல்லாம் நடுங்கியது. வகுப்பு எனக்காகக் காத்திருந்தது. அவள் மறுபடி பார்க்க வேண்டும். பார்த்தாள். "இன்னும் இருக்கிறது, மிஸ்." மறுபடி குழாயடி. பதினொரு மணிபோலப் பால் வந்தபோது அவள் இரண்டாவது போத்தலை என் பக்கத்தில் இருந்துகொண்டு, என்னைப் பார்க்காமல், உறிஞ்சிக் குடித்தாள்.

இப்படியே நாட்கள் போயின. அவளுக்குக் கேள்வி என்ன, பதில் என்ன என்பது நன்றாக விளங்கியிருந்தது. எனக்கும் விளங்கியிருந்தது. அவள் மேல் கோபம் வந்ததாக ஞாபகம் இல்லை. பால் கிடைத்தால் நானும் அப்படித்தான் சொல்லியிருப்பேன் என்று நினைத்தேன்.

ஒருநாள் இடைவேளையில் எங்கள் வகுப்புப் பெட்டைகள் சிலர் வந்து, விளையாட வா என்று என்னைக் கூப்பிட்டார்கள். அதற்கு முன் யாரும் கூப்பிட்டதில்லை. ஓடினேன். பதுங்கறைக்குள் போய் ஒளிந்துகொள், நாங்கள் தேடி வருகிறோம் என்றார்கள். போனேன். கதவைச் சாத்தி வெளியே கொண்டி போட்டார்கள். உள்ளே என் கை எனக்குத் தெரியவில்லை. முதலில் விளையாட்டு என்று நினைத்துச் சத்தம் போடாமல் இருந்தேன். பிறகு மணி அடித்தது. காலடிச் சத்தங்கள் வரிசையாகி, குறைந்து, நின்றன. அப்போதுதான் கத்தத் தொடங்கினேன். தமிழில்தான் கத்தியிருப்பேன். ஏதோ ஒன்று என் காலின் மேல் ஓடியது.

கதவுக்கு வெளியே அவளுடைய குரல் கேட்டது. கொண்டி உயரத்தில் இருக்கிறது, எட்டவில்லை என்றாள். டீச்சரிடம் போய்ச் சொல்லட்டுமா என்று கேட்டாள். பிறகு அவளே, சொன்னால் டீச்சர் உள்ளே கிடப்பதே நல்லது என்பார் என்றாள். அவள் வகுப்புக்குப் போகவில்லை. கதவடியில் குந்தியிருந்து கதைத்துக்கொண்டே இருந்தாள். அதுவரை என்னோடு பேசாதவள் அன்று பேசி முடிக்கவில்லை. விடுதியில் இரவில் கட்டிலை நனைத்தால் அந்த விரிப்பைத் தலையில் போட்டுக்கொண்டு சாப்பாட்டறையில் நிற்க வேண்டுமாம். தன்னுடைய அம்மாதான் தன்னை அங்கே கொண்டுவந்து விட்டாளாம். இருக்க ஓர் அறை கிடைத்ததும் வந்து கூட்டிப்போவதாகச் சொன்னாளாம்.

"எப்போது வருவாள்?" என்று கேட்டேன்.

"செத்துப்போய்விட்டாளாம். விடுதி மேட்ரன் சொன்னார்."

பிறகு, "ஆனால் எனக்கு யாரும் காட்டவில்லை" என்றாள்.

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் வாசல் காவலாளி வாங்கு எடுக்க வந்தபோதுதான் கதவு திறந்தது. வகுப்பைத் தவறவிட்டதற்காக எங்கள் இருவரையும் டீச்சர் பின்னேரம் முழுவதும் சுவரைப் பார்த்து நிற்கவைத்தார். யார் பூட்டினார்கள் என்று கேட்கவில்லை.

மறுநாள் காலை அவள் என் பின்னலைத் தூக்கிப் பார்த்தாள்.

"சுத்தம், மிஸ்."

"வடிவாகப் பார்."

"பார்த்தேன், மிஸ். சுத்தம்."

டீச்சர் என்னைத் தன் பக்கம் இழுத்தார். அலமாரியிலிருந்து ஈரத் துணியையும், கை கழுவும் தொட்டியைத் தேய்க்கிற தூளையும் எடுத்துவரச் சொன்னார். இன்றைக்கு ஒரு சின்னப் பரிசோதனை செய்து பார்ப்போம் என்று வகுப்புக்குச் சொன்னார். பிள்ளைகள் வாங்கிலிருந்து எழுந்து எட்டிப் பார்த்தார்கள். தூளைத் துணியில் கொட்டி என் பிடரியில் தேய்த்தார். அவசரப்படாமல், பாத்திரம் விளக்குகிற மாதிரி, ஒரே இடத்தில் வட்டமாகத் தேய்த்தார். முதலில் சூடு, பிறகு எரிவு. இடையில் நிறுத்தித் துணியைப் பார்த்தார். துணி வெள்ளையாகவே இருந்தது. மறுபடி தேய்த்தார். அடுத்த முறை துணியை எடுத்தபோது அதில் இரத்தம் இருந்தது. அவர் அதை மடித்து, இரத்தம் உள்ளே போகும்படி வைத்துவிட்டு, என்னைப் போய் உட்காரச் சொன்னார்.

பிறகு அவளைக் கையை நீட்டச் சொல்லி, கோடு கீறும் அடிமட்டத்தின் விளிம்பால் விரல் மொழிகளில் அடித்தார். பொய் சொன்னதற்காக என்றார். துணி வெள்ளையாக இருந்ததை எல்லோரும்தான் கண்டார்கள். அன்றிலிருந்து மிஞ்சிய பால் வேறொரு பிள்ளைக்குப் போனது.

வீட்டில் அம்மா பின்னலை அவிழ்த்தபோது கண்டுவிட்டார். அப்பா வேலையால் வரும்வரை காத்திருந்தார். அவர் வந்து கோட்டைக் கழற்றுவதற்கு முன்னரே என்னைத் திருப்பி நிறுத்திக் காட்டினார்.

அப்பா கனநேரம் பார்த்தார். பிறகு, "நாங்கள் அவையின்ர நாட்டில இருக்கிறம்" என்றார்.

"அதுக்கு?"

"அதுக்கு ஒண்டுமில்லை. வேற பள்ளிக்கூடம் எண்டாலும் இதே சனம்தான். நீர் போய்க் கதைச்சால் இன்னும் கூடும்."

"நான் போறன்" என்றார் அம்மா.

போனார். கலியாணத்துக்கு எடுத்த கூறைச்சேலையை உடுத்து, அதற்கு மேலே அப்பாவின் பழைய கோட்டைப் போட்டுக்கொண்டு வந்தார். அம்மா கிராமத்துத் தமிழ்ப் பாடசாலையில் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர். கடையில் சாமான் வாங்கத் தேவையான இங்கிலிஷ் சொற்கள் சில தெரியும். அதனால் நான்தான் மொழிபெயர்க்க வேண்டியிருந்தது.

டீச்சர் அம்மாவுக்குக் கதிரை எடுத்துப் போட்டார். சேலை மிக அழகாக இருக்கிறது என்றார். அதைச் சொன்னேன். குளிர் நாட்டில் அழுக்கு வெளியே தெரியாது, அதனால் இன்னும் அதிகமாகக் கழுவ வேண்டும் என்று அம்மாவிடம் சொல் என்றார். சொன்னேன். தலையில் வைக்கிற எண்ணெயின் மணம் மற்றப் பிள்ளைகளுக்கு வயிற்றைப் பிரட்டுகிறது, பாவம் அவர்கள் பொறுத்துக்கொள்கிறார்கள் என்று சொல் என்றார். அதையும் சொன்னேன்.

அம்மா என் பின்னலைத் தூக்கிக் காட்டினார். "இந்தக் காயம் எப்பிடி வந்தது எண்டு கேள்."

கேட்டேன். டீச்சர் என் தோளில் கை வைத்தார்.

"நீ வீட்டில் செய்யாததை நான் இங்கே செய்தேன் என்று உன் அம்மாவிடம் சொல். நான் உனக்கு உதவி செய்தேன். அப்படித்தானே?"

அந்த வசனத்தை நான் தமிழில் சொன்னேன். ஏழு வயதில் எனக்கு அதை மாற்றிச் சொல்லத் தெரியவில்லை. கேட்டுவிட்டு அம்மா எழுந்தார். கோட்டின் பொத்தான்களை ஒவ்வொன்றாகப் பூட்டினார். டீச்சரைப் பார்த்து, தனக்குத் தெரிந்த இங்கிலிஷில், "தாங் யூ" என்றார்.

அன்று பின்னேரம் அடுப்பில் தண்ணீர் வைத்து, நிலம் தேய்க்கிற பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு, அம்மா என்னைத் தகரத் தொட்டிக்குள் நிறுத்தினார். காயத்தை மட்டும் விட்டுவிட்டு மற்ற இடமெல்லாம் தேய்த்தார். அம்மாவின் கை டீச்சரின் கையைவிடப் பலமானது. நான் அழுதபோது, "வாயை மூடு, கீழ்வீட்டு மனுசிக்குக் கேக்கும்" என்றார். அதன் பிறகு அது ஒவ்வொரு நாளும் நடந்தது. தலைக்கு எண்ணெய் வைப்பது நின்றது. குளிரில் தலைமயிர் வைக்கோல்போல ஆகி, சீப்பில் கொத்துக் கொத்தாக வந்தது. காலையில் முகத்துக்கும் கழுத்துக்கும் வெள்ளைப் பவுடர் அப்பி அனுப்புவார். மழை பெய்தால் அது கோடு கோடாக வழியும். பள்ளிக்கூடத்தில் அதற்கும் ஒரு பெயர் வைத்தார்கள்.

அவளும் நானும் அதன் பிறகு இடைவேளைகளில் ஒன்றாகவே இருந்தோம். அது சிநேகிதமா என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. இரண்டு பேராக நின்றால் தள்ளுகிறவர்கள் கொஞ்சம் யோசித்தார்கள், அவ்வளவுதான்.

இலை துளிர்க்கிற நாட்களில் விடுதிக்குக் கோட்டும் தொப்பியும் போட்ட ஆண்கள் இரண்டு பேர் வந்தார்களாம். பிள்ளைகளைச் சாப்பாட்டறையில் கூட்டிவைத்து, அவுஸ்திரேலியா என்றொரு நாடு இருக்கிறது, அங்கே எப்போதும் வெயில், தோடம்பழத்தை மரத்திலிருந்து நீங்களே பிடுங்கிச் சாப்பிடலாம், குதிரையில் பள்ளிக்கூடம் போகலாம், யாருக்கு விருப்பம் என்று கேட்டார்களாம். எல்லோரும் கை தூக்கியபடியால் அவளும் தூக்கினாளாம்.

அவளுக்குத் தெரிந்தவர்களில் கப்பலில் வந்தவள் நான் ஒருத்திதான். வெயிலில் இருந்தவளும் நான்தான். அதனால் என்னிடம் கேட்டாள். கப்பலில் வயிறு குமட்டிச் சத்தி வருமா? வெயில் சுடுமா? சிவப்புத் தலை உள்ளவர்களுக்கு ஏதாவது ஆகுமா? மத்தியானத்தில் ரோட்டில் செருப்பில்லாமல் நடந்தால் கால் கொப்பளிக்கும் என்று சொன்னேன். அவள் தன் சப்பாத்தைக் குனிந்து பார்த்தாள். அங்கே சப்பாத்துக் கொடுப்பார்கள் என்று சொன்னாள்.

இன்னொரு நாள், மேட்ரனிடம் தான் கேட்டதாகச் சொன்னாள். அம்மாவை எங்கே புதைத்தீர்கள், போவதற்கு முன் ஒருமுறை பார்க்கலாமா என்று கேட்டாளாம். நன்றி கெட்டவள் என்று மேட்ரன் சொன்னாராம். அன்றைக்கு இராச்சாப்பாடு இல்லை.

அவள் போகிற வாரம் டீச்சர் அவளை வகுப்புக்கு முன்னால் கூப்பிட்டு நிறுத்தினார். பூகோள உருண்டையைச் சுழற்றி, லண்டனிலிருந்து அவுஸ்திரேலியாவரை விரலால் கோடிழுத்துக் காட்டினார். இவள் மிகவும் அதிர்ஷ்டசாலி, இவளுக்காக எல்லோரும் கை தட்டுங்கள் என்றார். தட்டினோம். நான்தான் கூடுதலாகத் தட்டியிருப்பேன். எனக்கு அவள்மேல் பொறாமையாக இருந்தது. டீச்சர் அவளுடைய தோளில் கையைப் போட்டார். அந்தக் கை பட்டதும் அவள் உடம்பைக் குறுக்கிக்கொண்டதைக் கண்டேன். இடத்துக்குத் திரும்பி வந்தவள் வாங்குக்குக் கீழே என் கையை நறுக்கென்று கிள்ளினாள். அதுதான் அவள் சொல்லிக்கொண்டு போனது. மறுநாள் வரவில்லை. அவளுடைய பக்கத்தில் டீச்சர் புத்தகக் கட்டுகளை அடுக்கிவைத்தார். என்னோடு யாரையும் இருத்த வேண்டியிருக்கவில்லை.

கோடை விடுமுறைக்குக் கொஞ்ச நாள் முன்பு, பள்ளிக்கூடம் விடுகிற நேரத்தில், இரும்புக் கேற்றுக்கு வெளியே ஒரு பெண் நின்றாள். பிடரிக் காயத்துக்குப் பிறகு அம்மா தினமும் என்னைக் கூட்டிப்போக வருவார், அன்றும் வந்திருந்தார். அந்தப் பெண் தலையைத் துணியால் கட்டியிருந்தாள். கோட்டுக்குக் கீழே தொழிற்சாலை ஏப்ரன் தெரிந்தது. வெளியே வருகிற பிள்ளைகளை மறித்து மறித்து ஒரு பெயரைச் சொல்லிக் கேட்டாள். அந்தப் பெயரில் யாரும் இல்லை என்று பிள்ளைகள் சொன்னார்கள். அப்போது அவள் தலைத்துணியைக் கொஞ்சம் விலக்கி, "என்னைப் போலத் தலைமயிர்" என்றாள். பிள்ளைகள் என்னைக் கை காட்டினார்கள்.

என் பக்கத்தில் இருந்தவளின் பெயரை விடுதியில் மாற்றியிருந்தார்கள் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது.

அந்தப் பெண் எனக்கு முன்னால் குனிந்தாள். இயந்திர எண்ணெய் மணம் வந்தது. "உனக்கு அவளைத் தெரியுமா, கண்ணே?"

"தெரியும். கப்பலில் அவுஸ்திரேலியாவுக்குப் போய்விட்டாள்."

அவள் சிரித்தாள். குழந்தை கதை சொல்கிறது என்று நினைத்திருப்பாள். "இல்லை, இல்லை. இந்தப் பள்ளிக்கூடத்தில்தான் படிக்கிறாள். விடுதியில் வேறு இடத்துக்கு மாற்றிவிட்டோம் என்கிறார்கள், எங்கே என்று சொல்கிறார்கள் இல்லை. எனக்கு இப்போது அறை கிடைத்துவிட்டது. அவளிடம் சொல்ல வேண்டும்."

"அவளுக்கு நீங்கள் செத்துப்போய்விட்டீர்கள்" என்றேன். அதைவிட வேறு மாதிரிச் சொல்ல எனக்கு அந்த வயதில் வழி தெரியவில்லை. அவள் குனிந்தபடியே என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

டீச்சர் வந்தார். யாரோ போய்ச் சொல்லியிருக்க வேண்டும். வழக்கம்போல மெதுவாகத்தான் பேசினார். பிள்ளைகளைப் பயப்படுத்த வேண்டாம் என்றார். உங்கள் மகளுக்கு உங்களால் கொடுக்க முடியாத வாழ்க்கை கிடைத்திருக்கிறது, நீங்கள் சந்தோஷப்பட வேண்டும் என்றார்.

"யாரைக் கேட்டு அனுப்பினீர்கள்?"

"கேட்பதற்கு யாரும் இருக்கவில்லை."

"நான் இருந்தேன். நான் இங்கேதான், இரண்டு பஸ் தூரத்தில் இருந்தேன்."

"இவ்வளவு காலம் எங்கே இருந்தீர்கள் என்று நான் கேட்கப்போவதில்லை" என்றார் டீச்சர். தாய்மார்கள் சிலர் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பெண் அவர்களைச் சுற்றிப் பார்த்தாள். ஒவ்வொருவராகத் தங்கள் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு போனார்கள். கடைசியில் கிட்ட நின்றது அம்மாதான். அவள் அம்மாவின் கோட்டுக் கையைப் பிடித்துக்கொண்டாள். உனக்கும் ஒரு மகள் இருக்கிறாள், நீயாவது சொல், ஒரு தாயைக் கேட்காமல் மகளை அனுப்பலாமா என்று கேட்டாள். பிடித்த கையை விடாமல் அதையே திரும்பத் திரும்பக் கேட்டாள்.

அம்மா என்னை மொழிபெயர்க்கச் சொல்லவில்லை. தெருவைப் பார்த்தபடி நின்றார். பிறகு அவளுடைய விரல்களைக் கோட்டிலிருந்து பிரித்து எடுத்தார். "பாராதை, வா" என்று எனக்குச் சொன்னார். டீச்சருக்குத் தலையசைத்துவிட்டு வேகமாக நடந்தார். நான் திரும்பிப் பார்த்தபோது தலையில் குட்டினார்.

அந்தப் பெண் பிறகும் சில நாட்கள் வந்தாள். யாரிடமும் ஒன்றும் கேட்கவில்லை. எதிர்ப்பக்க நடைபாதையில் நின்று, பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளைகள் எல்லோரும் போய் முடியும்வரை பார்த்துக்கொண்டிருப்பாள். சில பெடியன்கள் அவளைப் பார்த்துக் கல் எறிந்தார்கள். பிறகு காவலாளி ஒரு பொலிஸ்காரனோடு போய் ஏதோ சொன்னான். அவள் வரவில்லை.

எங்கள் டீச்சர் அடுத்த வருடம் தலைமை ஆசிரியையாகி வேறு பள்ளிக்கூடத்துக்குப் போனார். பெற்றோர் சேர்ந்து ஒரு தேநீர் விருந்து வைத்தார்கள். அம்மா பயற்றம்பணியாரம் சுட்டுக் கொடுத்துவிட்டார். டீச்சர் ஒன்றை எடுத்துக் கடித்துப் பார்த்து, மிகச் சுவை என்று சொல்லிவிட்டு மிச்சத்தைத் தட்டின் ஓரத்தில் வைத்தார். அதற்குப் பிறகு அவரை நான் காணவில்லை. அவர் நல்ல சாவு செத்திருப்பார் என்றே நினைக்கிறேன். அப்படிப்பட்டவர்களுக்கு அநேகமாக அப்படித்தான் நடக்கிறது.

எனக்குப் பத்து வயதானபோது நாங்கள் யாழ்ப்பாணம் திரும்பினோம். அங்கே படித்து, படிப்பித்து, கலியாணம் செய்து, பிறகு எங்கள் போரில் எல்லாவற்றையும் விட்டுவிட்டு மறுபடி இதே லண்டனுக்கு அகதியாக வந்தேன். தோர்ண்டன் ஹீத்தில் வீடு. அப்பா ஊரிலேயே காலமாகிவிட்டார். அம்மாவைக் கூப்பிட்டுக்கொண்டோம்.

அம்மாவுக்குத் தொண்ணூறு கிட்டிய காலம். ஒருநாள் மத்தியானம் தொலைக்காட்சியில் செய்தி போய்க்கொண்டிருந்தது. அந்தக் காலத்தில் பிள்ளைகளைப் பொய் சொல்லிக் கப்பலேற்றியதற்கு அரசாங்கம் பாராளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டது. அவுஸ்திரேலியாவிலிருந்து வந்திருந்த கிழவர்களும் கிழவிகளும் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். பண்ணைகளில் அடிமாடு மாதிரி வேலை வாங்கியதை, அடித்ததை, அதைவிட மோசமானவற்றை ஒவ்வொருவராகச் சொன்னார்கள். தோடம்பழம், குதிரை என்றுதான் தங்களுக்கும் சொன்னார்கள் என்று ஒரு கிழவர் அழுதார். நான் அந்தக் கிழவிகளின் முகங்களைத் தேடித் தேடிப் பார்த்தேன். எல்லோருக்கும் நரைத்துவிட்டிருந்தது.

என் மகள் ஷிப்ட்டுக்கு வெளிக்கிட்டுக்கொண்டிருந்தாள். நான் ஏன் கண்ணைத் துடைக்கிறேன் என்று கேட்டாள். சுருக்கமாகச் சொன்னேன். இதற்கென்றே தேடித் தருகிற ஆட்கள் இருப்பார்கள், கொம்பியூட்டரில் பார்க்கலாம், பெயரைச் சொல்லுங்கோ என்றாள். எந்தப் பெயரைச் சொல்வது? விடுதி வைத்த பெயர் எனக்குத் தெரியும். அதில் தகப்பன் பெயர் இல்லை. அந்தப் பெண் கேற்றடியில் சொன்ன பெயரை நான் ஒரே ஒரு நாள்தான் கேட்டேன். மறந்துவிட்டேன். மகள் பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று போய்விட்டாள்.

அம்மா கதிரையில் சாய்ந்து நித்திரை என்றுதான் நினைத்திருந்தேன்.

"அந்தப் பெட்டையும் இப்பிடித்தானே போனவள்" என்றார்.

"எந்தப் பெட்டை?"

"உன்னோட இருந்தவள். தாய் வந்து என்ர கையைப் பிடிச்சவ."

அவ்வளவு காலமும் அம்மாவுக்கு அன்று ஒன்றும் விளங்கவில்லை என்றே நான் நம்பியிருந்தேன். "அவ கேட்டது உங்களுக்கு விளங்கினதோ அம்மா?"

"ஓம். டோட்டர் எண்டால் மகள் எண்டு எனக்குத் தெரியும்தானே. அவ வேற என்னத்தைக் கேட்டிருப்பா?"

"பிறகேன் ஒண்டும் சொல்லாமல் வந்தனீங்கள்?"

அம்மா தொலைக்காட்சியைப் பார்த்தபடியே இருந்தார்.

"அந்த ரீச்சர் என்னைப் பாத்துக்கொண்டு நிண்டவ. தங்கட பிள்ளையளையே தாயைக் கேளாமல் கப்பலேத்திற சனம். நான் வாய் திறந்தால் உன்னை என்ன செய்வினம் எண்டு ஆருக்குத் தெரியும்? அவவின்ர பிள்ளை போயிட்டுது. என்ர பிள்ளை நிண்டது."

கொஞ்ச நேரத்தில் அம்மாவே, "நல்ல இறுக்கமாத்தான் பிடிச்சவ. பிரிச்செடுக்கப் பெரிய பாடாப் போச்சுது" என்றார். பிறகு கால் குளிர்கிறது, போர்வையை இழுத்துவிடு என்றார். இழுத்துவிட்டேன்.